ஆறு வாரக் கோதுமை

சோறு இரண்டாவது கொதி வந்தபோது மூக்கு அலறியது.

கனிஷ்கா அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். பயனில்லை என்று தெரிந்தேதான் திறந்தாள். மூக்கு இருந்தது வீட்டுக்குள் அல்ல. வெளியே நடையில், லிஃப்ட் கதவுக்கு மேலே. உள்ளங்கை அகல வெள்ளைப் பெட்டி. ஏழாவது மாடியில் எந்த வீட்டில் அரிசி வெந்தாலும், ஆவியை வைத்தே எத்தனை பேருக்கு வேகிறது என்று கண்டுபிடித்துவிடும். கனிஷ்கா வீட்டுக்கு ஓர் ஆள் சோற்றுக்கு அனுமதி. அதைத் தாண்டினால் சைரன்.

நடையில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்வீட்டுக் கீர்த்தனா அக்கா கையில் கோதுமை மாவு ஒட்டியிருக்க, வாசலில் வந்து நின்றாள்.

"ஜன்னலை மூடாத கனி. உன்ற வீட்டு வாசத்தை மோந்துக்கிட்டே சாப்பிட்டா எங்க வீட்டுச் சப்பாத்தியும் கொஞ்சம் எறங்கும்" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கனிஷ்கா சிரிக்கவில்லை.

அரிசிக் கண்காணிப்புத் துறையிலிருந்து வந்தவள் சின்னப் பெண். பெயர் பிரதிக்ஷா என்று சட்டையில் குத்தியிருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் உள்ளே வந்தாள். பானையைத் திறந்து ஒரு கம்பியை விட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு ஆள் சோறு இருக்குதுங்க. உங்க அட்டை ஒருத்தருக்குத்தானுங்களே?"

மகளுக்கு உடம்பு சரியில்லை, அதனால் தன் பங்கிலிருந்து கொஞ்சம் சேர்த்துப் போட்டேன் என்றாள் கனிஷ்கா. நாளைய அரிசியை இன்றைக்கே வடித்துவிட்டதாகவும், நாளைக்குத் தான் பட்டினி இருந்துகொள்வதாகவும் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது பொய்போல ஒலித்தது.

அதிகாரி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். சோபாவில் மகிழினி உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரைக்கு எட்டவில்லை. ஒண்ணாவதா என்று அதிகாரி கேட்க, நாலாவது என்றாள் மகிழினி. பக்கத்தில் அவள் தம்பி ஆதவ் கோதுமை இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தான். மூன்று வயது இளையவன். உயரத்தில் அக்காவைப் பிடித்துவிட்டான்.

இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுவதாக அதிகாரி சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க நோய் பொண்ணுக்கும் இருக்கும்னு தோணுச்சுன்னா டெஸ்ட் எடுத்துருங்க்கா. இருந்தா அவளுக்கும் ஒரு அட்டை வந்துரும். எதுக்கு இந்த ஒளிவு மறைவெல்லாம்? குழந்தைக்கு டெஸ்ட் எடுக்க மாட்டேங்கறவங்களுக்கு ஒரே காரணம்தான் இருக்கும்னு எங்க ஆபீஸ்ல பேசிக்குவாங்க."

அந்தக் காரணம் என்னவென்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நடையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

*

டெல்டா முழுக்க உப்பேறி, நெல்லுக்கு விடத் தண்ணீர் இல்லை என்று அரசு கைவிரித்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சோறு என்பது அபூர்வ வஸ்து. புதுக் கோதுமை எந்த வறட்சியிலும் விளைந்தது. கோதுமை இட்லி, கோதுமைப் புட்டு, அரிசிபோலவே அச்சில் வார்த்த கோதுமைச் சோறுகூட வந்துவிட்டது. சோளமும் கம்பும் வண்டிகளுக்கு எரிபொருளாகப் போய்க்கொண்டிருந்தன. மிச்சமாக விளைந்த கொஞ்சம் அரிசி, கோதுமை பட்டால் குடல் பழுதாகிவிடும் சீலியாக் நோயாளிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது.

ஒரு காலத்தில் கோயமுத்தூரில் யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத நோய். அட்டை என்று ஒன்று வந்ததும் தெருவுக்கு நாலு பேருக்கு வந்துவிட்டது. தரகர்கள் வந்தார்கள். பொய்ச் சான்றுகள் வந்தன. பின்னாலேயே மூக்கும் வந்தது. கல்யாணப் பேச்சில் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "பொண்ணுக்கு அட்டை இருக்குதுங்களா?" என்று கேட்கும் பழக்கமும் வந்தது.

கனிஷ்காவுக்கு இருந்தது. அவளுடைய அப்பா பொள்ளாச்சி அரிசிக் கிடங்கில் வேலை பார்த்தவர். அதனால் அவள் சர்வேஷைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலேயே, பந்தியில் ஒருத்தி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது: "கிடங்குல இருக்கற மனுசன், பெத்த பொண்ணுக்கு ஒரு நோய் வாங்கிக் குடுக்க மாட்டாரா?"

கல்லூரி முதல் வருடத்தில் எலும்பும் தோலுமாக மருத்துவமனையில் கிடந்ததை அவள் யாரிடமும் போய் விளக்கவில்லை. விளக்கினால் நடிப்பு என்பார்கள். நாத்தனார் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் சம்பந்தியம்மாள் கோதுமை அல்வாவை வாயில் ஊட்டிவிட்டபோது, துப்பினால் அவமரியாதை என்று விழுங்கிவைத்தாள். அந்த வாரம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததை மாதவிலக்கு வலி என்று சொல்லிச் சமாளித்தாள். சந்தேகப்படுகிறவர்களிடம் வலியைக் காட்டுவது பிச்சை கேட்பதுபோல அவளுக்கு இருந்தது.

சர்வேஷ் மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் அவளுக்குப் பலம். அன்று மாலை மோட்டார் கம்பெனியிலிருந்து வந்தவன், லிஃப்டிலேயே குடியிருப்புச் செயலாளரிடம் சண்டை பிடித்துவிட்டுத்தான் மேலே வந்தான்.

"என்ற சம்சாரத்துக்கு அட்டை இருக்குது, சோறாக்கறா. உங்களுக்கு வயிறெரிஞ்சா நீங்களும் ஒண்ணு வாங்கிக்கோங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்றான், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

கனிஷ்காவுக்கு மனசு நிறைந்தது. அந்தத் தைரியத்தில், மகிழினிக்கும் ஆதவுக்கும் பரிசோதனை எடுத்துவிடலாம் என்று பேச்சைத் தொடங்கினாள்.

அவன் கை சட்டையோடு நின்றது.

"வேண்டாம்" என்றான்.

ஏன் என்று கேட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு ஊசி என்றான். மகிழினி குள்ளமாக இருப்பது அவன் அம்மாவைக் கொண்டு என்றான். நோய் என்று பதிவாகிவிட்டால் நாளைக்கு எவன் கட்டுவான் என்றான். அட்டை உள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்கும் ஊரில் அவன் இதைச் சொன்னது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அவன் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. நிற்காத காரணங்களை ஒருவன் இத்தனை வேகமாக அடுக்குகிறான் என்றால், சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது.

கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாகக் கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள் கனிஷ்கா.

*

குழந்தைகள் குடல் மருத்துவர் ஷாஹிதா, மகிழினியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டு ஓரத்துப் புண்களைப் பார்த்தார். நகங்களை அமுக்கிப் பார்த்தார். பிறகு அவளை வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீலியாக் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று என்றார். எல்லாப் பிள்ளைக்கும் வயிறு வலிக்காது. சிலது வளராது, சிலது சோர்ந்தே கிடக்கும். சிலதுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, உள்ளே குடல் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். அதனால் அறிகுறி இல்லாத தம்பிக்கும் எடுக்க வேண்டும் என்றார்.

"சோறு குடுக்கறீங்களா இவளுக்கு?"

கனிஷ்கா கதவைப் பார்த்தாள்.

"நான் கண்காணிப்புத் துறை இல்லம்மா. சொல்லுங்க."

அவள் தலையாட்டினாள்.

"அப்ப இன்னிக்கு ரத்தம் எடுத்தா ஒண்ணுமே தெரியாது. கோதுமை உள்ள போனாத்தான் உடம்பு அதை எதுத்துச் சண்டை போடும். அந்தச் சண்டையத்தான் நாங்க ரத்தத்துல தேடறோம். ஆறு வாரம் தினமும் கோதுமை குடுங்க. சோத்தைக் கண்ணுல காட்டாதீங்க, அப்பறம் அதைத் தின்னுட்டு இதை ஒதுக்கிருவா."

"அவளுக்கு இருந்துதுன்னா, அது வெசமுங்களே டாக்டர்."

"ஆமா" என்றார் ஷாஹிதா. "ஆறு வாரத்துக்கு நீங்களே கையால குடுக்கணும். வேற வழி இருந்தா சொல்லுவேன்."

இன்னொன்றும் சொன்னார். போன வருடம் ஒரு விதி வந்திருந்தது. அட்டைக்காரரின் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை என்று முடிவு வந்தால், பெற்றவருடைய அட்டையை மறுபரிசோதனை செய்வார்கள். அவரும் ஆறு வாரம், துறையின் கண் முன்னால் உட்கார்ந்து கோதுமை சாப்பிட வேண்டும். பொய் என்று தெரிந்தால் சிறை.

கனிஷ்காவுக்கு அந்தப் பழைய மருத்துவமனைக் கட்டில் ஞாபகம் வந்தது. பத்தில் ஒன்றுதான் வாய்ப்பு என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை என்றுதானே வரும், அப்புறம் எதற்கு அம்மாக்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்டாள்.

"அந்தக் கணக்கை நான் அவங்களுக்கு எழுதிப் போட்டேன். பதில் வரல" என்றார் ஷாஹிதா. "இந்த விதி வந்ததுக்கப்பறம் தில்லுமுல்லுக்காரங்க யாரும் மாட்டல. நெசமான நோயாளிங்கதான் குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றத நிறுத்திட்டாங்க. உங்களுக்கு முன்னால கடைசியா ஒரு அம்மா எப்ப வந்தாங்கன்னு எனக்கே நினைவில்ல."

கனிஷ்கா வெளியே வந்து மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். மகிழினி கண்ணாடியில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போயிருந்தாள். எழுப்பி, தேதி குறித்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

*

முதல் வாரம் மகிழினி அடம்பிடித்தாள். இரண்டாவது வாரம் அழுதாள். மூன்றாவது வாரத்தில் அழுவதையும் நிறுத்திவிட்டு, சப்பாத்தியைத் துண்டு துண்டாகக் கிழித்து, மாத்திரை விழுங்குவதுபோலத் தண்ணீரோடு விழுங்கினாள். வயிறு உப்பியது. இரவு உடையின் பொத்தான் போட முடியவில்லை. ஆதவ் தன்னுடையதையும் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

கனிஷ்கா தன் சோற்றைச் சமையலறையில் நின்றுகொண்டு, கூடத்துக்கு முதுகு காட்டி, வாசம் போகுமுன் அவசரமாகச் சாப்பிட்டாள்.

ஒருநாள் சர்வேஷ் சப்பாத்தி மாவு படிந்த கரண்டியையே அவளுடைய சோற்றில் விட்டுக் கிளறினான். அவள் பதறிப்போய் அத்தனை சோற்றையும் கொட்டினாள். அவன் அவளை வினோதமாகப் பார்த்து, "நம்ம வீட்டுக்குள்ளயுமா அம்முணி?" என்று சிரித்தான். வீட்டுக்குள் எதற்கு இத்தனை கண்டிப்பு என்று கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்குச் சிரிக்க முடிகிறது என்பதே அப்போது எரிச்சலாக இருந்தது.

அவன் தினமும் ஒரே பல்லவியைப் பாடினான். பிள்ளையை எதற்குப் படுத்துகிறாய், கம்முனு பழையபடி சோற்றையே கொடு, மூக்குக்குத் தெரியாமல் ஆக்கிக்கொள்ளலாம். அவன் மகளுக்காகப் பேசுகிறானா, வேறு எதற்காகவோ பேசுகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஐந்தாவது வாரத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பரிசோதனையை ரத்து செய்திருக்கிறீர்களே, வேறு தேதி வேண்டுமா என்று கேட்டாள் வரவேற்பில் இருந்த பெண். நான் ரத்து செய்யவில்லையே என்றாள் கனிஷ்கா. குழந்தைகளின் அப்பா கூப்பிட்டுச் சொன்னார் என்று பதில் வந்தது.

அவள் அதே தேதியை மறுபடி வாங்கிக்கொண்டாள். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான். அன்றிலிருந்து அவன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகும்போதெல்லாம் அவளுக்குத் துணி காயப்போட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது காதில் விழுந்தது.

"பையனுக்கு வேண்டாம்ணா. பொண்ணுக்கு மட்டும் இருக்குதுன்னு வந்தாப் போதும். ரத்தத்தை மாத்திக் குடுக்கறதுக்கு ஆள் இருக்குதுன்னீங்களே... இல்லீங்ணா, டாக்டருக்குத் தெரியக் கூடாது."

கனிஷ்கா கையில் இருந்த ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றாள். அதில் பிழிய ஒன்றும் மிச்சமில்லை. பொய்யாக ஓர் அட்டை. மகள் உடம்பில் நோய் உண்டா இல்லையா என்பதல்ல, அவள் பெயரில் அரிசி வருமா என்பதுதான் இவனுக்கு. உண்மையான பரிசோதனையை ரத்து செய்துவிட்டுப் பொய்யான ஒன்றை ஏற்பாடு செய்கிறான். நாளைக்கு வருகிற மாப்பிள்ளைக்காகவா, பங்காளிகள் வீட்டுக்கு அரிசி கொடுக்கவா? அவளுடைய அப்பாவைப் பற்றி ஊர் சொன்னதை இவன் தன் மகளுக்குச் செய்யப் பார்க்கிறான்.

அவன் திரும்பியபோது அவள் கதவில் நின்றாள்.

"யாருங்க அது, தரகரா?"

அவன் மறுக்கவில்லை. அவள் கேட்டது எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். பெற்ற பிள்ளையை வைத்து அரிசி வாங்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டபோது மட்டும் நிமிர்ந்தான்.

"எனக்கு எதுக்குடி அரிசி? எல்லாம் உனக்காகத்தான்."

"என்ற பேரைச் சொல்லாதீங்க. எனக்குத்தான் என்ற அட்டை இருக்குதே."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். கூடத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. "இங்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

இத்தனை வருடம் தனக்காக லிஃப்டிலும் பந்தியிலும் சண்டை போட்டவன் இவன்தானா என்று யோசித்தாள். அன்று முதல் இருவரும் பிள்ளைகள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். தரகர் பணம் வாங்கினாரா, ஆள் கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை. குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பே, பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல இரண்டு பேரையும் கிளப்பி, நேராக ஷாஹிதாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு வாரம் ஆக இன்னும் இரண்டே நாள்தான், பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றார் மருத்துவர். ரத்தம் எடுத்ததிலிருந்து இயந்திரத்தில் வைத்தது வரை கனிஷ்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவிலியர் ஒருத்தி குழாய்களை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றியபோதுகூடக் கண்ணாடியை ஒட்டிப் போய் எட்டிப் பார்த்தாள்.

மத்தியானம் ஷாஹிதா கூப்பிட்டு உட்காரவைத்தார்.

ஆதவுக்கு இல்லை. சில வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

மகிழினிக்கு இருக்கிறது. ரத்தத்தில் தெரிந்த அளவே மிக அதிகம், குடலை வேறு பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்றில்லை. இன்று மாலையிலிருந்து சோறு கொடுக்கலாம். இரண்டு வருடத்தில் வளர்ந்துவிடுவாள், பள்ளியில் வரிசையின் நடுவுக்கு வந்துவிடுவாள் என்று சிரித்தார்.

கனிஷ்காவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நான் கோதுமை சாப்பிட வேண்டாம். என் அட்டையை யாரும் தொட மாட்டார்கள். அந்த நினைப்புதான் முந்திக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஆயுசுக்கும் நோய் என்று கேட்ட நொடியில் பெற்றவளுக்கு நிம்மதி வருகிறதே என்று, அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். மருத்துவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

*

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வரவில்லை என்று போன் போயிருந்தது. மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில் சர்வேஷ் நின்றிருந்தான். கம்பெனிச் சீருடையிலேயே வந்திருந்தான். மகிழினி ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இனிமேல் நான் தினமும் சோறு சாப்பிடலாமாப்பா, டாக்டரே சொல்லிட்டாங்க என்றாள்.

அவன் அவளைத் தூக்கவில்லை. கனிஷ்காவையே பார்த்தான்.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். பையனுக்கு இல்லை, பெண்ணுக்கு இருக்கிறது. வாய்ப்புண், உயரம், சோர்வு எல்லாம் அதனால்தான். பிறந்ததிலிருந்தே கோதுமை அவளைத் தின்றிருக்கிறது. உங்கள் தரகர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள், அவனுக்கு உறைக்கட்டும் என்று.

"நெசமான ரிசல்ட்டா?" என்றான். "நடுவுல யாரும் எதுவும்..."

"கண்ணாடிக்கு வெளிய நின்னு நானே பாத்தனுங்க. யாரும் தொடல."

சர்வேஷ் பின்னால் நகர்ந்து யாருடைய வண்டியிலோ சாய்ந்தான். மகிழினியின் தலையில் கை வைத்தான். மகளின் மெலிந்த கழுத்தை, உப்பிய வயிற்றை, அப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான். திட்டுவான், அல்லது மன்னிப்புக் கேட்பான் என்று கனிஷ்கா காத்திருந்தாள். எதற்கும் பதில் தயாராக வைத்திருந்தாள்.

அவன் நிமிர்ந்து, மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற அதே பழைய ஜாக்கிரதையோடு கேட்டான்:

"அப்படின்னா கனி... உனக்கும் நெசமாலுமே இருக்குதா?"